மணி அடித்தால் மண்ணில் இறங்க வேண்டுமா?

குடமுருட்டி:
காவிரிக் கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் குழுவாக சைக்கிள் ஓட்டுவோருக்கென்று வேகமிதி எழுதியிருக்கும் நெறிமுறைகளைப் படித்தேன். 'பின்னால் மணியோசை கேட்டதும், மெதுவாகச் செல்பவர் தாரை விட்டு இடப்புற மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும்' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகப் பூம்புகார் வரை செல்லும் அந்தச் சாலையில், பல இடங்களில் தார் விளிம்பு மண்ணைவிட நான்கு விரல் உயரமாக நிற்கிறது. கேரியரின் இருபுறமும் பால் கேன் தொங்க வருகிறவர் அங்கே இறங்கினால், திரும்ப ஏறும்போது முன்சக்கரம் விளிம்பில் உராய்ந்து, ஏற முடியாமல் வழுக்கி, ஆள் தார் மேலேயே விழுவார். முந்துகிறவர்தான் வலப்புறம் இடம் பார்த்து முந்த வேண்டும். இடம் இல்லையென்றால் பின்னால் பொறுமையாக வர வேண்டும்.

வேகமிதி:
நெறிமுறையில் தலைக்கவசம், பின்விளக்கு, குடிநீர் என்று எவ்வளவோ எழுதியிருந்தும், ஐயாவின் கண்ணுக்கு அந்த ஒரு வரிதான் பட்டிருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரிசையாக வரும்போது முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் பிடித்தால், அவருடைய பின்சக்கரத்தில் அடுத்தவரின் முன்சக்கரம் உரசி, பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். ஒருவர் சற்று ஒதுங்குவதா, பத்துப் பேர் விழுவதா? குழுவாக ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது.

குடமுருட்டி:
நன்றாகவே புரிகிறது. நீங்கள் 30 கிலோமீட்டரில் வருகிறீர்கள், பால்காரர் 12 கிலோமீட்டரில் போகிறார் என்றால், இடைவெளி நொடிக்கு ஐந்து மீட்டர் வீதம் குறைகிறது. இருபது மீட்டர் தொலைவில் மணி அடித்தால் அவருக்கு நான்கு நொடி கிடைக்கும். உங்கள் குழுவினர் அடிப்பது அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வந்த பிறகு. திடுக்கிட்டு வலத்தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பவருக்கு, ஹேண்டில்பாரும் தன்னையறியாமல் வலப்பக்கமே திரும்பும்; நீங்கள் முந்த வருவதும் அதே பக்கம். நீங்கள் அஞ்சுகிற விபத்து அந்த மணியால்தான் வரும்.

அரசலாறு:
மணியே வேண்டாம் என்பது என் கருத்து. 'வலப்பக்கம் வருகிறேன் அண்ணே' என்று வாயால் சொன்னால் யாரும் திடுக்கிட மாட்டார்கள், யாருக்கும் கோபமும் வராது.

வேகமிதி:
ஆடி மாதக் காற்றில், கல்லணையை நோக்கி மேற்கே ஓட்டியதுண்டா? எதிர்க்காற்றில், பின்னாலிருந்து எவ்வளவு கத்தினாலும் முன்னால் போகிறவர் காதுக்கு எட்டாது. கும்பகோணம் கடைத்தெருவைத் தாண்டாதவர்கள் கருத்துச் சொல்வதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து பார்க்கலாம்.

அரசலாறு:
என் கும்பகோணத்தை இதில் இழுக்க வேண்டியதில்லை. லட்ச ரூபாய்க்கு சைக்கிள் வாங்கிவிட்டு, எடை கூடுமென்று அதில் மணியே பொருத்தாமல் வருகிறவர்கள் உங்கள் குழுவில்தான் இருக்கிறார்கள். இல்லாத மணிக்கு யார் ஒதுங்குவது?

கடைமடை:
தை, மாசியில் சம்பா அறுவடை சமயத்தில் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். பாதிச் சாலையில் நெல் காயும். ஓரத்தில் கல்லும் மரக்கிளையும் வைத்திருப்பார்கள். அப்போது இடப்புறம் மண் ஏது, இறங்குவது எங்கே? நெல்லை மிதித்துக்கொண்டா போக முடியும்?

வேகமிதி:
சாலையில் நெல் காயவைப்பதே சட்டப்படி தவறு. அதைக் காரணம் காட்டி நெறிமுறையைத் தளர்த்த முடியாது.

கடைமடை:
ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். போதுமான களம் இல்லாதவன் வேறு எங்கே கொண்டுபோய்க் காயவைப்பான்? காற்றடித்த சக்கரத்தில் பொழுதுபோக்காக வருகிறவர், சோறு விளைவிக்கிறவனுக்குச் சட்டம் சொல்ல வேண்டாம். கடந்த மார்கழியில் பஞ்சரான ஒருவரை சுவாமிமலை அருகே தனியாக விட்டுவிட்டு, 'சராசரி வேகம் கெட்டுவிடும்' என்று சொல்லிப் போனது யார் குழு என்பதும் எனக்குத் தெரியும்.

வேகமிதி:
அவரிடம் மாற்று ட்யூப் இருந்தது. அவரே எங்களைப் போகச் சொன்னார். பழைய கதையைக் கிளறாதீர்கள். நாங்கள் நெடுந்தூர பிரெவே ஓட்டங்களுக்குப் பயிற்சி எடுக்கிறோம். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு புல்லுக்கட்டுக்குப் பின்னாலும் நின்று நின்று போனால் அது நடக்காது.

குடமுருட்டி:
அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 13 மணி 30 நிமிடத்தில் 200 கிலோமீட்டர் என்றால், மணிக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பால்காரரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அதற்காகவா அவரை மண்ணில் இறக்குகிறீர்கள்? மோட்டார் வாகனங்களுக்கு 2017இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே, வலப்புறமாகத்தான் முந்த வேண்டும் என்றும், முந்தப்படுகிறவர் வேகத்தைக் கூட்டக் கூடாது என்றும்தான் இருக்கிறது. லாரிக்காரன்கூட முன்னால் போகிறவனைச் சாலையை விட்டு இறங்கச் சொல்ல முடியாது. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்கூடம் போகிற பதினோராம் வகுப்புப் பிள்ளை, வாழை இலைக்கட்டோடு திருவையாற்றுக்குப் போகிற பெரியவர், இவர்களெல்லாம் நமக்கு முன்பிருந்தே அந்தச் சாலையில் ஓட்டுகிறவர்கள். விருந்தாளியாக வந்த நாம் அவர்களை வாசலில் நிறுத்துவது அழகல்ல.

வேகமிதி:
அது மோட்டார் வாகனங்களுக்கான விதி, சைக்கிளுக்கு அல்ல. நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். எனக்கு விருந்தாளிப் பட்டம் வேண்டாம்.

குடமுருட்டி:
பிறந்த ஊரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: இரண்டு கேன் நிறையப் பாலோடு வருகிறவர், உங்கள் மணியோசைக்கு நான்கு விரல் பள்ளத்தில் இறங்க வேண்டுமா, வேண்டாமா? காற்று, நெல், பஞ்சர் என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள். இதற்கு மட்டும் இன்னும் எழுதவில்லை.

வேகமிதி:
நெறிமுறையில் எழுதியதுதான் பதில். அந்த வரியை நீக்கப்போவதில்லை.

குடமுருட்டி:
அப்படியானால் நானும் விடப்போவதில்லை. 'இயன்றால்' என்ற சொல்கூட இல்லாத அந்த வரியைப் படித்துவிட்டுப் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் பெரியவர்களை அதட்டத் தொடங்கினால், அதற்கு எழுதியவரே பொறுப்பு.

அரசலாறு:
கும்பகோணத்தைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.