இரண்டு மாடி வீட்டு வேலைக்கு பெல்ட் போதுமா?

ரசமட்டம்:
சின்ன வீட்டு சைட்டுகளில் இப்போது ஒரு பழக்கம். ஆளுக்கொரு பெல்ட், அதாவது தோளையும் தொடையையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ், வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு வேலை முடிந்தது. முதல் தளத்து ஓரத்தில் அந்த பெல்ட் பெரும்பாலும் ஆளைக் காப்பாற்றாது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் லேன்யார்ட் கயிறு 1.8 மீட்டர். விழும் அதிர்ச்சியை வாங்க அதில் இருக்கும் ஷாக் அப்சார்பர் பிரிந்து நீள்வது அதிகபட்சம் 1.75. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5. ஹார்னஸ் இழுபடுவதற்கும் சேர்த்து உபரியாக 1 மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். நம் வீட்டுத் தளமோ தரையிலிருந்து 10 அடி, அதாவது 3 மீட்டர். கால்மட்டத்தில் கொக்கி மாட்டியவர் விழுந்தால், கயிறு விறைப்பதற்கே பாதம் 3.3 மீட்டர் இறங்க வேண்டும். அதற்குள் தரை வந்துவிடும். மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில், பெல்ட்டோடு!

ஓரம் முழுக்கக் கைப்பிடிக் கம்பி கட்டுங்கள். பெல்ட் அதற்கப்புறம்.

தூக்குக்குண்டு:
கணக்கு சரி சார், முடிவுதான் தவறு. விழுந்த பிறகு பிடிப்பதற்கு மட்டும்தான் பெல்ட் என்று எடுத்துக்கொண்டீர்கள். விழவே விடாமல் இழுத்து நிறுத்தவும் அதே பெல்ட்தான். ஓரத்திலிருந்து 3 மீட்டர் உள்ளே கொக்கி, கயிறு 1.8 மீட்டர். ஆள் குப்புற விழுந்தாலும் தலை ஓரத்தைத் தாண்டாது. இங்கே 6 மீட்டர் வெற்றிடம் எதற்கு?

கைப்பிடிக் கம்பியின் கதையும் தெரிந்ததுதானே. கம்பிக் கட்டு ஏற்ற ஒரு பக்கம் கழற்றுவார்கள், பக்கப் பலகை பிரிக்க இன்னொரு பக்கம். கழற்றியவர் திரும்பக் கட்டமாட்டார். பெல்ட் ஆளோடு போகும்.

கரணைக்காரன்:
தூக்குக்குண்டு சார், 3 மீட்டர் உள்ளே கட்டுனா ஓரத்துல எப்படி வேலை செய்யறது? பாராபெட், அதான் மாடி ஓரச் சுவர், கட்டற கொத்தனாருக்கு வேலையே ஓரத்துலதான். உடனே கொக்கியைக் கழட்டிருவாரு. அதுவும் கயிறு வட்டமாத்தான் சுத்தும். நேரா எதிர்ல இருக்கற ஓரத்துக்கு அளந்து வெச்சா, மூலைப் பக்கம் நடக்கறப்ப கணக்கு மாறிரும்.

கொக்கி எங்க மாட்டறாங்கன்னும் பாருங்க. தூணுக்காக நிக்கற கம்பியில, அதான் காலம் கம்பியிலதான். 12 எம்எம் கம்பி ஆள் கனத்துக்கு வளையும், மேல் முனை திறந்து கிடக்கறதால கொக்கி உருவிக்கிட்டு வந்துரும். போதாததுக்கு அந்தக் கம்பி மேலயே ஆள் விழுவான். கலர் பிளாஸ்டிக் தொப்பி கீறலைத்தான் தடுக்கும், குத்தறதைத் தடுக்காது. உள்ளே இரும்புத் தகடு வெச்ச தொப்பி வேணும், இல்லேன்னா கம்பி வரிசை மேல ஒரு பலகையை இறுக்கிக் கட்டணும்.

தூக்குக்குண்டு:
காலம் கம்பி விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அமெரிக்க விதி ஒரு ஆளுக்கு 22 கிலோநியூட்டன் தாங்கும் பிடிமானம் கேட்கிறது, அதாவது இரண்டு டன்னுக்கு மேல். நம் சைட்டில் அதற்கு ஏற்றது இறுகிய பீமைச் சுற்றிக் கட்டும் நைலான் பட்டை. காங்கிரீட்டின் கூர் விளிம்பு படும் இடத்தில் பழைய சாக்கு மடித்து வையுங்கள்.

ரசமட்டம்:
கழற்றியதைத் திரும்பக் கட்டமாட்டார்கள் என்பது மேற்பார்வையின் குறை, கம்பியின் குறையல்ல. கம்பி ஒருமுறை கட்டினால் சித்தாள், எலக்ட்ரீஷியன், வீடு பார்க்க வரும் ஓனர் வரை எல்லோருக்கும் காவல். பெல்ட் போட்டவருக்கு மட்டும்தான் பெல்ட்.

பெரிய செலவும் இல்லை. 30க்கு 40 அடி வீட்டின் சுற்றளவு 140 அடி. 8 அடிக்கு ஒன்றாக 18 தூண். மேல் கம்பி சுமார் 1.1 மீட்டர் உயரத்தில், நடுக் கம்பி அதில் பாதியில். ஆக 280 அடி சவுக்குக் கழி. கீழே 4 அங்குலப் பலகை ஒன்று, செங்கல்லும் சுத்தியலும் உருண்டு விழாமல் இருக்க. தளம் போடும்போதே குழாய்த் துண்டுகளைப் புதைத்து வைத்தால் தூண் அதில் நிற்கும்.

தூக்குக்குண்டு:
இங்கேதான் இடிக்கிறது. மேல் கம்பி 200 பவுண்டு, கிட்டத்தட்ட 90 கிலோ தள்ளுதலைத் தாங்க வேண்டும். 1.1 மீட்டர் உயரத்தில் அந்த விசை விழுந்தால், 5 அங்குலத் தளத்தில் புதைத்த குழாய் ஓரக் காங்கிரீட்டை ஒரு டன்னுக்கு மேல் நெம்பும். இரண்டு நாள் வயதான காங்கிரீட்டில் ஓரம் பெயர்ந்து தூணோடு ஆளும் போவார். நிற்கிறதென்று நம்பிச் சாயும் கம்பி, கம்பி இல்லாததைவிட மோசம்.

ரசமட்டம்:
ஒப்புக்கொள்கிறேன், தளத்தில் புதைக்கக் கூடாது. ஓர பீமின் ஆழத்துக்குள் இறக்குங்கள். இல்லையென்றால் தளத்தை மேலும் கீழும் கவ்வும் கிளாம்ப் தூண், லேத் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். வெளிச்சாரம் இரட்டை வரிசையாக இருந்தால் அதன் தூண்களையே தளத்துக்கு மேல் நாலடி ஏற்றிவிடலாம். சுவரில் ஓட்டை போட்டுச் செருகிய ஒற்றை வரிசைச் சாரத்தை இதற்கு நம்பாதீர்கள்.

கரணைக்காரன்:
ஓரத்தையே பேசறீங்க. படிக்கட்டு ஓட்டை, குழாய் போற டக்ட் ஓட்டை? அதுமேல ஒரு பிளைவுட்டைச் சும்மா போட்டு வெச்சிருப்பாங்க. யாரோ பலகை வேணும்னு ரெண்டு கையால தூக்குவான். தூக்கினதும் பலகை கண்ணை மறைச்சிரும், ஒரு எட்டு முன்னால வெப்பான். அவ்வளவுதான். பலகைக்கு அடியில ஓட்டை அளவுக்கு ரீப்பர் கட்டை அடிச்சா நகராது. நாலு மூலையிலும் ஆணி அடிங்க, மேல பெயின்ட்ல ‘கீழே ஓட்டை’ன்னு எழுதுங்க. இதுக்கு பெல்ட்டும் வேணாம், கிளாம்பும் வேணாம்.

பாராபெட்டையும் கடைசிக்குத் தள்ளாதீங்க. காங்கிரீட் இறுகுனதும் உள்பக்கம் நின்னு மூணரை அடி எழுப்பிட்டா அதுவே கைப்பிடி. புதுசா கட்டின பச்சைச் சுவர்ல சாயக் கூடாது, ஒரு வாரம் கயிறு கட்டி வெச்சிருங்க.

தூக்குக்குண்டு:
பாராபெட் யோசனைக்கு என் ஓட்டு. ஆனால் அந்த மூணரை அடி எழும்பும் வரை கொத்தனாருக்கு பெல்ட் வேண்டும், அதில் மாற்றமில்லை. கீழே இடம் போதாத உயரத்தில் கயிறு தானாகச் சுருளும் ரிட்ராக்டபிள் போடுங்கள். தலைக்கு மேல் மாட்டினால் ஒரு மீட்டர் சுமாரில் பிடித்துவிடும். கால்மட்டத்தில் மாட்டினால் தள விளிம்பில் உரசி அறுபடலாம், விளிம்புக்கென்றே செய்த வகை தனியாக இருக்கிறது.

ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் இடுப்பு பெல்ட்டை வாங்காதீர்கள். விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். ஆளை விழுந்தபின் பிடிக்க அதைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 1998 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். ஒருமுறை விழுந்து பிடித்த ஹார்னஸையும் லேன்யார்டையும் வெட்டிப் போடுங்கள், அடுத்தவர் எடுத்துப் போடாதபடி.

ரசமட்டம்:
பிடித்த பிறகு அவரை யார் இறக்குவது? தொடைப் பட்டையில் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், அரை மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து. பெல்ட் கொடுக்கும் சைட்டில் தளத்தை எட்டும் ஏணி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெயின்டர் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது.

கரணைக்காரன்:
அந்த ஏணியும் நாலடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி, நாலுக்கு ஒண்ணு சாய்வுல நிக்கணும், தளத்துக்கு மேல மூணடி நீட்டிக்கிட்டிருக்கணும். மேல் முனையைக் கட்டாம யாரும் ஏறக் கூடாது.