நம்ம குடும்பம் குழு: வெள்ளிக்கிழமை வகுப்பு

சுதா அக்கா: வெள்ளிக்கிழமை மூணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு சாப்பாடு, விளையாட்டு பத்தி நான் வகுப்பு எடுக்கணும். 40 நிமிஷம். ஐடியா குடுங்க

ராஜி சித்தி: 👍 நல்லா பண்ணுவே

பெரியப்பா: சுதா, கவனமா படி. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடணும். வாரத்துல 3 நாளாவது குதிக்கிறது, ஏறுறது மாதிரி எலும்பு, தசை வலுவாகுற விளையாட்டு வேணும். 6லேர்ந்து 9 வயசுக்கு காய், பழம் சேர்த்து நாளைக்கு 350 கிராமாவது. முழுப் பழம், பால்ல இயற்கையா இருக்கிறது போக, மத்த சர்க்கரையிலேர்ந்து வர்ற சக்தி மொத்தத்துல 10 சதவீதத்துக்குள்ள

செந்தில்: எட்டு வயசுப் பிள்ளைக்கு சதவீதமா பெரியப்பா

பெரியப்பா: சொல்லித் தர்றவளுக்குத் தெரியணும்ல

ராஜி சித்தி: ஸ்பூன்ல காட்டு சுதா. 4 கிராம் சர்க்கரை ஒரு டீஸ்பூன். கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல சர்க்கரை 36 கிராம்னு போட்டிருந்தா 9 ஸ்பூன். பிள்ளைங்களே எண்ணி டம்ளர்ல போடட்டும்

சுதா அக்கா: ❤️ இது நல்லாருக்கு

மாமா: ஜூஸ் குடிச்சா போதாதா

நான்: நார்ச்சத்து போயிடும் மாமா. பழமாவே கடிச்சு சாப்பிடறதுதான் நல்லது

ராஜி சித்தி: நேத்து எடுத்த போட்டோ யாரும் அனுப்பலையே

மாமா: எல்லாருக்கும் எடை பாத்து சுவத்துல ஒட்டு சுதா. போட்டி வச்சா உற்சாகமா இருக்கும்

செந்தில்: வேண்டாம்

செந்தில்: அது மட்டும் வேண்டாம் அக்கா

மாமா: ஏன்டா

செந்தில்: எல்லார் முன்னாடியும் என்னைத் தராசுல ஏத்தி குண்டுன்னு கூப்பிட்டீங்க மாமா. அப்புறம் அஞ்சாவது முடியிற வரைக்கும் விளையாட்டு பீரியட்ல வயித்து வலின்னு சொல்லி உக்காந்தேன்

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி சித்தி: எத்தனை வருஷமாச்சு, இப்ப எதுக்கு அதெல்லாம்

சுதா அக்கா: இல்ல சித்தி, சொல்லட்டும். எடை பேச்சே என் வகுப்புல கிடையாது. ஓடினா எப்படி இருக்குன்னு மட்டும் கேப்பேன்

நான்: காய் சாப்பிட்டா சாக்லேட்னும் சொல்லாதக்கா. காய்னாலே தண்டனைன்னு ஆயிடும். புதுக் காயை ஒரு தடவை துப்பினா விட்டுடவும் வேண்டாம். வேற வேற நாள்ல ஒரு வாய் குடுத்துட்டே இருந்தா பழகும், பத்து தடவைகூட ஆகலாம். வற்புறுத்தக் கூடாது

சுதா அக்கா: சரி. பாதி நேரம் வெளியில கயிறு தாண்டல். கயிறு யார்ட்ட இருக்கு?

ராஜி சித்தி: எங்க வீட்ல ரெண்டு. தேடணும்

மாமா: செந்திலு, நானும் வரட்டா? கயிறு சுத்தறேன்

செந்தில்: பாக்கலாம் மாமா

பெரியப்பா: தூக்கத்தை விட்டுட்டீங்களே. 6லேர்ந்து 12 வயசுக்கு 9 மணி நேரமாவது

சுதா அக்கா: பெரியப்பா, 40 நிமிஷம்தான். கயிறு ரெண்டு போதாது, இன்னும் யார்ட்ட இருக்கு?