ஹார்ட்னெஸ் ஏறிடுச்சு, ஆனா மவுண்டிங் கிழியுது. ஏன்?

வியாசர்பாடி மோல்டிங்:
காசிமேடு லாஞ்சுகளுக்கு இன்ஜின் மவுண்டிங் போடுறோம். இயற்கை ரப்பர், கார்பன் போட்ட காம்பவுண்ட். 100 பங்கு ரப்பருக்கு சல்ஃபர் 2.5 பங்கு, ஹார்ட்னெஸ் ஷோர் ஏ அளவுல 55 வந்துட்டிருந்தது. பார்ட்டி 60 கேட்டதால சல்ஃபரை 4 ஆக்கி, பிரஸ்ல நேரத்தையும் கூட்டினோம். 60 வந்துடுச்சு. ஆனா போல்ட் துளை ஓரத்துல லேசா கீறல் விழுந்தாலே பிளேடால அறுத்த மாதிரி நேரா கிழிஞ்சு போகுது. பழைய பீஸ்ல கிழிசல் கோணல்மாணலா போய் நின்னுடும். ரப்பர் சங்கிலிகளை சல்ஃபர் கட்டுற பிணைப்பு கூடினா பலமும் கூடணும்ல?

மணலி பிரஸ்:
மோல்டு சூட்டை ஏத்திப் பாருங்க ப்ரோ.

திருவொற்றியூர் லேப்:
தம்பி, சூட்டை ஏத்தாதீங்க. இயற்கை ரப்பர் ரிவர்ஷன் ஆகி, போட்ட பிணைப்பே உடையும்.

பிணைப்பு கூடக்கூட விறைப்பும் ஹார்ட்னெஸும் ஏறிக்கிட்டே போகும். இழுவிசை பலம் அப்படியில்ல, ஒரு உச்சம் தொட்டு இறங்கிடும். கிழிசல் பலத்தோட உச்சம் அதுக்கும் முன்னாடியே வந்துடும். நீங்க அதைத் தாண்டிட்டீங்க.

சல்ஃபர் பிணைப்பு விழுற இடத்தை முடிச்சுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு முடிச்சுக்கு நடுவுல இருக்கற ரப்பர் சங்கிலி அறுபடணும்னா, முதல்ல அதிலுள்ள எல்லா அணுப் பிணைப்பும் இழுபடணும். சங்கிலி நீளமா இருந்தா செலவாகற சக்தி அதிகம். முடிச்சு நெருங்கினா குறைவு. 1967-ல லேக், தாமஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு போட்டுச் சொன்னது இதுதான். அதோட, இயற்கை ரப்பர் நல்லா இழுபட்டா கீறல் முனையில படிகமாகி கிழிசலைத் தடுக்கும். முடிச்சு மிதமிஞ்சினா சங்கிலிகளால அப்படி வரிசையா சேர முடியாது. உங்க பழைய பீஸ்ல கிழிசல் கோணலா போய் நின்னது அந்தப் படிகத்தாலதான்.

சல்ஃபரை 2.5-க்கே இறக்குங்க. ஹார்ட்னெஸுக்கு கார்பனைக் கூட்டுங்க: எச்.ஏ.எஃப் வகை கார்பன்னா 10 பங்குக்கு சுமார் 5 பாயிண்ட் ஏறும். மேல வெள்ளையா பூத்திருக்கா?

வியாசர்பாடி மோல்டிங்:
ஆமாண்ணே, அடுக்கி வெச்சதுல பூத்திருக்கு. ஆக்சிலரேட்டரை (பிணைப்பை வேகப்படுத்தற கெமிக்கல்) கூட்டி சல்ஃபரை 1-க்குக் கீழ கொண்டு வந்தா?

திருவொற்றியூர் லேப்:
பூத்தது மிச்ச சல்ஃபர்தான். நீங்க சொல்றபடி போட்டா ஒத்தை சல்ஃபர் பிணைப்பு அதிகமாகும். சூடு நல்லா தாங்கும், ஆனா அதிர்வுல கீறல் சீக்கிரம் வளரும். நிறைய சல்ஃபர் அணு கோத்த பிணைப்பு பலவீனமானதுதான், ஆனா இழுக்கறப்போ விட்டுக்கொடுத்து மறுபடி சேரும். இன்ஜின் பக்கத்துல சூடும் இருக்கு, அதிர்வும் இருக்கு, அதனால 2.5-க்கும் உங்க 1-க்கும் நடுவுல செமி இ.வி-ன்னு சொல்ற கலவை போதும்: சல்ஃபர் 1.5 பக்கம்.

க்யூரிங் நேரத்தை கண் மதிப்புல வெக்காம ரியோமீட்டர்ல (ரப்பர் வேகறப்போ விறைப்பு ஏறறதைக் காட்டற மெஷின்) கிராஃப் எடுத்து டி-90, அதாவது 90 சதவீதம் க்யூர் ஆகற நேரம் பாருங்க, பீஸ் தடிமனுக்கு மட்டும் கொஞ்சம் சேருங்க. கோடு உச்சிக்குப் போய் இறங்குச்சுன்னா அந்த கிராஃபை இங்கயே போடுங்க.