சனிக்கிழமை பாப்பா காதுகுத்து (குடும்பக் குழு)

ராணி சித்தி: அத்தானும் வர்றாரு. தேக்கா மார்க்கெட்ல இம்யூனிட்டி பொடி வாங்கியிருக்கேன், கஷாயம் வச்சுத் தரவா?

செல்வம் மாமா: குடு ராணி. அத்தானுக்குக் கிட்னி மாத்தி 8 மாசம் ஆச்சு, தெம்பே இல்ல

மீனா: சித்தி வேணாம்!!

கார்த்திக்: ஏன்கா? மூலிகைதானே

மீனா: பெரியப்பா உடம்புக்கு அந்தக் கிட்னி வேத்தாளு. அதை அடிக்கிற டி செல்லு (நோய் எதிர்ப்பு வெள்ளை அணு), அந்த அடியைத் தடுக்கிற டி-ரெக் செல்லு, ரெண்டுக்கும் ஐஎல்-2 சிக்னல்தான் தீனி. டி-ரெக் மேல அந்த ஐஎல்-2வைப் பிடிக்கிற சிடி25 எப்பவும் நிறைய இருக்கும். அதனால கொஞ்சூண்டு ஐஎல்-2 இருந்தா அதுவே உறிஞ்சிக்கும். அதிகமானா அடிக்கிறதுக்கும் போயிடும்.

மீனா: புது டி செல்லுக்கு ஐஎல்-2ஓட டிஜிஎஃப்-பீட்டாங்கிற இன்னொரு சிக்னல் கிடைச்சா டி-ரெக் ஆகலாம். அதே டிஜிஎஃப்-பீட்டாவோட ஐஎல்-6 சிக்னல் சேர்ந்தா டிஎச்-17ங்கிற வேற வகை டி செல்லு ஆகி வீக்கத்தைக் கிளப்பும். பொடி எதைத் தூண்டும்னு யாருக்குத் தெரியும்?

பெரியம்மா: அதான் மாத்திரை போடுறாரே

மீனா: அந்த மாத்திரை, டாக்ரோலிமஸ், ஐஎல்-2 சுரக்கறதையே அடக்குது பெரியம்மா. டி-ரெக்கும் சேர்ந்து பட்டினி. அதனால உடம்பு தானா பழகிக்கும்னு நிறுத்திடாதீங்க. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை போடணும். ரத்தம் எடுக்கிற அன்னைக்கு காலை மாத்திரை, ரத்தம் குடுத்த பிறகுதான். முன்னாடியே போட்டா ரத்தத்துல மருந்து அளவு அதிகமாக் காட்டும், டாக்டர் டோஸைக் குறைப்பாரு, கிட்னிக்கு ஆபத்து.

செல்வம் மாமா: சாப்பாடு மட்டனா சைவமா?

ராணி சித்தி: அண்ணே, போன தடவை 40 பேருக்கு 25 பொட்டலம்

செல்வம் மாமா: இன்னும் அதையே புடிச்சிட்டு இருக்கியா

பெரியம்மா: பம்பளிமாஸ் வாங்கிட்டேன். பழம் பரவால்லல்ல?

மீனா: அதுவும் கூடாது! குடல்ல மருந்தை உடைக்கிற என்சைமைத் தடுத்துடும். டாக்ரோலிமஸ் எகிறினா கிட்னியையே கெடுக்கும். ஆப்பிள் குடுங்க.

கார்த்திக்: 2025 நோபல் இந்த டி-ரெக்குக்குத்தானே?

மீனா: ஆமாடா. ஜப்பான் விஞ்ஞானி சகாகுச்சி 1995ல சிடி25 இருக்கிற செல்லைப் பிரிச்சிட்டு, மிச்ச டி செல்லைத் தைமஸ் (டி செல்லு வளர்ற உறுப்பு) இல்லாத எலிக்கு ஏத்தினாரு. எலியோட வயிறு, தைராய்டு எல்லாத்தையும் அந்த ஏத்தின செல்லே தாக்கிச்சு. சிடி25 செல்லையும் சேர்த்து ஏத்தினப்ப தாக்கல. அந்தக் கொஞ்ச செல்லுதான் காவல், அதான் டி-ரெக்.

ராணி சித்தி: அப்ப பொடி? 28 வெள்ளி

செல்வம் மாமா: எனக்குத் தா

பெரியம்மா: பெரியப்பாவை யாரு கூட்டிட்டு வர்றது? கார்த்திக்?

கார்த்திக்: அன்னைக்கு டூட்டி பெரியம்மா, மாத்த முடியுமான்னு பாக்குறேன்

ராணி சித்தி: மட்டன்னே போட்டுக்கவா?

செல்வம் மாமா: கோயில்ல கேட்டுட்டு சொல்றேன்