கணினி ‘பூட்’ ஆகவில்லை: மாணவர்களுக்கு என்ன சொல் தருவது?

அல்சூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ‘பூட்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். படிப்பவர்கள் பெங்களூரின் அல்சூர், ஸ்ரீராமபுரம் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கணினி பழுதுபார்க்கக் கற்கிறார்கள். இந்த வாரப் பாடம், ராமோ (நினைவகம்) பிராசஸரோ (செயலி) மாற்றியபின் கணினி கிளம்பாமல் நின்றுவிட்டால் எங்கிருந்து தேடுவது என்பது.

எதுவானாலும் ‘ஆன் ஆகல’ என்றுதான் சொல்கிறார்கள். பொத்தானை அழுத்தியும் விசிறி அசையாவிட்டால் ‘ஆன் ஆகல’. விசிறி சுற்றி, விளக்கெல்லாம் எரிந்து, திரை மட்டும் கறுப்பாகவே நின்றாலும் ‘ஆன் ஆகல’. மதர்போர்டின் சின்னம் திரையில் வந்து, பயாஸுக்குள்ளும் (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) போக முடிந்து, விண்டோஸ் மட்டும் வராவிட்டாலும் அதே. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதில் பவர் சப்ளை, போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் இணைப்பு, முன்பக்கப் பொத்தானின் கம்பி. இரண்டாவதில் ராம், பிராசஸர், பிராசஸருக்குத் தனியாக வரும் 8 பின் கம்பி (மாட்ட மறப்பது பெரும்பாலும் இதைத்தான்), கிராபிக்ஸ் கார்டு. மூன்றாவதில் எஸ்எஸ்டி (விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் வட்டு), பூட் வரிசை (எந்த வட்டில் முதலில் தேடுவது என்பது), யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) அமைப்பு. பிள்ளைக்கு எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவதற்குத் ‘தற்சோதனை’ என்று வைத்திருக்கிறேன், மின்சாரம் வந்ததும் கணினி தன்னைத் தானே சோதிப்பதால். மூன்றாவதற்கு, அதாவது விண்டோஸ் போன்ற இயங்குதளம் உள்ளே வந்து கிளம்பும் ‘பூட்’டுக்கு, என்ன சொல்லலாம்?

மல்லேஸ்வரத்திலிருந்து:

அம்மா, சொல் நம் கையிலேயே இருக்கிறது. பூட்டு. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். எல்லாமே ஒரு வேலை கிளம்புவதற்கு முன் செய்வது. உண் – ஊட்டு, காண் – காட்டு என்பதுபோல பூண் – பூட்டு. கணினி இயங்குதளத்தைப் பூண்டது என்றால் தன்வினை, நாம் பூட்டினோம் என்றால் பிறவினை. எந்த மொழியில் இப்படி இரண்டும் ஒரே வேரில் கிடைக்கும்?

ஆங்கிலச் சொல்லின் கதையைப் பார்த்தாலும் பொருந்துகிறது. காலணியின் பின்புறம் இருக்கும் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற வழக்கிலிருந்து ‘பூட்ஸ்ட்ராப்’ வந்தது, ஒரு சிறு நிரல் தன்னைவிடப் பெரிய நிரலை உள்ளே இழுத்துக்கொள்வதால். நம் வீரர்களும் காலில் கழல் பூண்டுதானே போருக்குக் கிளம்பினார்கள்? ஒலி, பொருள், கால் மூன்றும் சேர்ந்து வருகின்றன.

எஸ்.பி. ரோட்டிலிருந்து:

ஐயா, உங்கள் விளக்கம் அருமை. ஆனால் என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தவரிடம் ‘உங்கள் கணினியைப் பூட்டிவிட்டேன்’ என்று சொன்னால் பாஸ்வேர்டு என்ன என்றுதான் கேட்பார். திரையைப் பூட்டுவது, போனைப் பூட்டுவது என்று அந்தச் சொல் முன்பே போய்விட்டது.

அக்கா சொல்கிற கட்டப் பிரிப்பு எனக்கு ரொம்பத் தேவை. போன மாதம் ஒருவர் வந்தார். 2018இல் வந்த பி450 வகைப் போர்டு, அதில் ரைசன் 5000 வரிசைப் பிராசஸர் மாட்டியிருக்கிறார். அந்த வரிசை வந்ததே 2020 நவம்பரில், அவருடைய போர்டில் இருந்த பழைய பயாஸுக்கு அதை அடையாளமே தெரியாது. விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அவர் ‘பூட் ஆகல’ என்று நினைத்து, எஸ்எஸ்டியைக் கழற்றி நண்பர் கணினியில் மாட்டி அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறார். குழந்தையின் படங்கள் எல்லாம் போய்விட்டன. பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டி, பயாஸைப் புதுப்பித்து, அப்புறம் புதியதை வைத்ததும் சரியாகிவிட்டது. தற்சோதனையே முடியவில்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவர் வட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்.

கையேட்டில் இதையும் சேருங்கள் அக்கா. ராமை இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், கிளிப் ‘டக்’கென்று விழும்வரை. நான்கு இடம் இருந்து இரண்டு ராம் போடுவதானால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும். டிடிஆர்5 வகை ராம் என்றால் முதல்முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், ராமின் வேகத்தை அது சரிபார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் அணைத்துவிடக் கூடாது.

தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து:

நான் ‘தொடக்கம்’ பக்கம். ‘மறுதொடக்கம்’ பழகிய சொல், அதன் குடும்பத்திலேயே இதுவும் இருக்கட்டும். ‘துவக்கம்’ மட்டும் வேண்டாம், தொடங்கு என்பதே மூலம்.

‘பூட்’டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றும் யோசித்தேன். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியமே இடம் தந்திருக்கிறது. ஆனால் வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. நோட்டு, கோட்டு என்று ஆனதுபோல உகரம் சேர்த்தால் இதுவும் ‘பூட்டு’ ஆகி, ஐயாவின் வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறது. இன்னொரு வழி ‘ஏற்று’. 1952இல் வந்த ஐபிஎம் 701 இயந்திரத்தில் இதற்கான பொத்தானின் பெயரே ‘லோட்’தான். ஆனால் சார்ஜ் ஏற்றுவது, கோப்பு ஏற்றுவது என்று அதற்கும் இப்போது இடமில்லை.

அல்சூரிலிருந்து:

பிள்ளைகளிடமே கேட்டேன். ஒருத்தி யோசிக்காமல் ‘மிஷின் எழுந்துக்கல’ என்றாள். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எழு, எழுப்பு, எழுச்சி. திருப்பள்ளியெழுச்சி பாடிய மொழியில் இதைவிட இயல்பான சொல் கிடைக்குமா?

எஸ்.பி. ரோட்டிலிருந்து:

அக்கா, பள்ளியெழுச்சி என்றால் உறக்கத்திலிருந்து எழுப்புவது. கணினிக்கும் உறக்கநிலை இருக்கிறதே. அதிலிருந்து வராவிட்டால் ‘எழவில்லை’ என்றுதான் சொல்வோம், அது வேறு பழுது. இரண்டையும் கலந்தால் பழையபடி ‘ஆன் ஆகல’ கதைதான்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

‘எழவில்லை’ என்று அச்சில் வரும்போது ‘எழவு’ கண்ணில் படும் அம்மா, அது வேண்டாம். பூட்டை மறுபடியும் பரிசீலியுங்கள். கடையில் குழப்பம் வரும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு சொல்லின் ஒரு பொருள் மட்டும் பரவிவிட்டது என்பதற்காக மற்றப் பொருளை நாமே கைவிட்டால், அடுத்த தலைமுறைக்கு வண்டி பூட்டுவது என்றால் என்னவென்றே தெரியாமல் போகும்.

அல்சூரிலிருந்து:

வெள்ளி வந்துவிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் தில்லி அம்மா சொன்னதையே ஏற்கிறார்கள். கையேட்டில் ‘மின்வரவு’, ‘தற்சோதனை’, ‘தொடக்கம்’ என்று மூன்று கட்டம். வினையாகச் சொல்ல ‘தொடக்கு’. ‘பூட்’ என்பதையும் பக்கத்திலேயே தருகிறேன், கடையில் அவர்கள் காதில் விழப்போவது அதுதான். எழுச்சியை விட எனக்கு மனமில்லை, ஆனாலும் உறக்கநிலைக்கு ஒதுக்கிவிட்டேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். ‘தொடக்கு’ என்பதற்குக் கட்டு, பிணை என்ற பொருளும் அகராதியில் உண்டு. கட்டுவதும் பிணைப்பதும் பூட்டுவதுதானே? இதைப் பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.