மூக்குப் படமும் கானாடுகாத்தான் கூரையும்

காரைக்குடி வட்டாரத்தில் செவிலியராக இருக்கிறேன். கண்மாயில் நூறு நாள் வேலை பார்ப்பவர்களிடம் தோல் புற்றுநோய் பற்றிப் பேசச் சொல்லிப் படங்கள் கொடுத்தனுப்பினார்கள். பார்த்தால், எல்லாம் வெள்ளைக்காரர்களின் மூக்கு! ஒரு பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆத்தா, கருத்த தோலுக்கு இதெல்லாம் வருமா?" என்றார்.

நியாயமான கேள்வி. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் வெயிலிலிருந்து ஓரளவு காப்பதால் நமக்குக் குறைவுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நம் போன்ற தோலில் மெலனோமா என்ற தோல் புற்று வகை வந்தால், வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுதான் அதிகம். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண்ணாகவும் வேறு வகைப் புற்று வரும் என்றேன். உடனே ஓர் அக்கா சேலையைச் சற்றே உயர்த்தி, கெண்டைக்காலில் தழும்பின் மேல் இருந்த புண்ணைக் காட்டினார். மாதக்கணக்கில் மஞ்சள் பற்றுப் போட்டு வந்தாராம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். சதை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை.

வெயிலுக்கு மறைப்பு பற்றி அந்தப் பெண்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையோடு கழுத்தையும் சுற்றிய துண்டு. இதைவிட என்ன வேண்டும்? ஆண்கள்தாம் பனியனோடு நின்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பூச வேண்டிய வெயில் தடுப்புக் களிம்பைக் கூலிக்காரர்களிடம் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கானாடுகாத்தானில் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றும் மேஸ்திரியிடம் பேசியது வேறு கதை. மெலனோமா அல்லாத தோல் புற்று மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு வெயிலில் வேலை செய்வதே காரணம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் மதிப்பிட்டதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. அவர் கண்ணில் கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருந்தது. அதற்கும் வெயிலுக்கும் தொடர்புண்டு என்றதும்தான் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தார்.

காலை பத்து முதல் மாலை நான்கு வரை, வெயிலில் தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் கடுமை. மேகம் மூடினாலும் பெருமளவு வரும். ஓடு வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, உச்சிப் பொழுதில் உள்ளே சுவர்ப் பூச்சைப் பார்க்கலாமே என்றேன்.

"பார்க்கலாம் அம்மா. வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, கூரையில் ஏன் ஆளில்லை என்பார். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று எண்ணைக் கொடுத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டும்.