வால்வெள்ளியின் ஒளியைக் கணிப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரி வானத்திலிருந்து பகிர்வுகள்

அணைக்கரை, கிருஷ்ணகிரி

வால்வெள்ளி வரப்போகுது என்றதும் "வெறும் கண்ணுக்கே தெரியும்" என்று செய்தி சுற்ற ஆரம்பிச்சுடும். ஆயிரம் பேர் மொட்டை மாடி ஏறி, ஒன்றும் தெரியாமல் இறங்குவாங்க. கணிப்பில் வந்த எண்ணுக்கும் கண்ணில் பட்டதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம். எந்த வால்வெள்ளி, எந்தத் திசை, எவ்வளவு உயரம், எண் ஏன் பிசகியது, அது போதும்.

சூத்திரத்திலிருந்து தொடங்குறேன். எல்லாரும் போடுவது இதுதான்:

மேக்னிட்யூட் = தனி ஒளியளவு + 5 × லாக்(பூமியிலிருந்து தூரம்) + 2.5 × என் × லாக்(சூரியனிலிருந்து தூரம்)

மேக்னிட்யூட் என்றால் ஒளியின் அளவு, எண் சின்னதானால் பிரகாசம் கூட. தனி ஒளியளவு என்பது சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் தலா ஓர் அலகு தூரத்தில் இருப்பதாக வைத்துப் போட்ட மேக்னிட்யூட். தூரங்கள் வானியல் அலகில் (ஓர் அலகு என்பது பூமி–சூரியன் சராசரித் தூரம்), லாக் பத்தடிமானம். இதில் பூமித் தூரம் துல்லியமாகத் தெரியும். தகராறு முழுக்க அந்த "என்" மேலதான். சூரியனை நெருங்க நெருங்க வால்வெள்ளி எவ்வளவு வேகமாக ஒளிர்கிறது என்பதன் அளவு அது. வழக்கமாக 4 என்று வைப்பாங்க.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு வால்வெள்ளி சூரியனிலிருந்து 3 அலகு, நம்மிடமிருந்து 2.5 அலகு தூரத்தில் இருக்கும்போது மேக்னிட்யூட் 12 என்று அளந்தாச்சு. அதே வால்வெள்ளி 0.4 அலகு வரை சூரியனை நெருங்கி, நம்மிடமிருந்து 0.7 அலகில் இருக்கும் நாளில் எவ்வளவு ஒளிரும்? என் 4 என்றால் 0.5. என் 3 என்றால் 2.7. என் 2 என்றால் 4.9. அளவீடு ஒன்றுதான், கையில் இருக்கும் தரவும் ஒன்றுதான். ஆனால் முதல் விடை ஊரே பார்க்கும் ஒளி, கடைசி விடைக்கு பைனாகுலர் தேடணும். இரண்டுக்கும் இடையில் ஒளி ஐம்பது மடங்குக்கு மேல் மாறுது. ஒரு வருடம் முன்னாடியே "இது பூஜ்யம் மேக்னிட்யூட்" என்று எழுதுபவர் நாலைத் தேர்ந்தெடுத்தவர், அவ்வளவுதான்.

ஓசூர் பைனாகுலர்

மேலே அண்ணன் சொன்னதோட ஒன்று சேர்க்கணும். வால்வெள்ளியின் இடத்தைக் கணித்துத் தரும் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையப் பக்கத்தில் எம்1, கே1 என்று இரண்டு எண் இருக்கும். எம்1 தான் மொத்தக் கோமாவின், அதாவது நடுக்கருவைச் சுற்றிய வாயு, தூசி மூட்டத்தின், தனி ஒளியளவு. கே1 என்பது 2.5 × என், அதனால் கே1 = 10 என்றால் என் = 4. பக்கத்திலேயே எம்2, கே2 இருக்கும். அது கருவுக்கான எண். அதை எடுத்துட்டு "ரொம்ப மங்கல்" என்று குழம்பறவங்க நிறைய. கருவைச் சுற்றிய புள்ளியை மட்டும் அளக்கும் எண், மொத்தத்தைவிட பல மேக்னிட்யூட் மங்கலாகத்தான் வரும்.

முதல்முறையாக ஊர்ட் மேகத்திலிருந்து, அதாவது சூரிய மண்டலத்தின் கடைக்கோடி பனிக்கட்டிக் கூட்டத்திலிருந்து, வரும் வால்வெள்ளிதான் கணிப்பவரை ஏமாற்றும். அதன் மேற்பரப்பில் கார்பன் மோனாக்சைடு மாதிரி சீக்கிரம் ஆவியாகும் பனி படிஞ்சிருக்கும். சூரியனிலிருந்து ரொம்ப தூரத்திலேயே அது கிளம்பிடும். வால்வெள்ளி பிரகாசமாகத் தெரியும், கண்டுபிடித்தவர்கள் என் 4 என்று நீட்டிப் போடுவாங்க. தண்ணீர்ப் பனி முழு வேகத்தில் ஆவியாகத் தொடங்குவது சுமார் 3 அலகுக்கு உள்ளேதான். அதுக்குள்ள மேல்பூச்சு தீர்ந்து, ஏறுமுகம் தட்டையாயிடும். 1973 கோஹூடெக் இப்படித்தான் பெயர் கெட்டது. உண்மையில் அது மோசமான வால்வெள்ளி இல்லை, எதிர்பார்ப்புதான் மோசம். 2013 நவம்பர் 28 அன்று சூரியனிலிருந்து 0.0125 அலகில் போன ஐசான் இன்னொரு படி மேலே, உடைந்தே போனது.

உடையுமா பிழைக்குமா என்று பார்க்க வால்வெள்ளி நோக்கர் ஜான் போர்ட்டில் சொன்ன எளிய கணக்கு ஒன்று இருக்கு: 7 + 6 × சூரிய அண்மைத் தூரம். என் 4 என்று வைத்துக் கணித்த தனி ஒளியளவு இந்த எண்ணைவிட மங்கலாக இருந்தால் பிழைப்பது சந்தேகம். 0.4 அலகு வரை நெருங்கும் ஒன்றுக்கு எல்லை 9.4. சிறிய அண்மைத் தூரத்துக்குத்தான் இது பொருந்தும், 1 அலகு தாண்டியதுக்கெல்லாம் போட்டுப் பார்க்காதீங்க. விதிவிலக்கும் உண்டு. 2024 ஜூலையில் சி/2023 ஏ3 ட்சுச்சின்ஷான்–அட்லஸ் கட்டாயம் சிதறும் என்று வால்வெள்ளி ஆய்வாளர் செக்கனினா மாதிரி பெரிய கையே எழுதினார். செப்டம்பர் 27 அன்று 0.39 அலகில் சூரியனைச் சுற்றிவிட்டு முழுசாக வந்தது.

பென்னாகரம் மேட்டுக்காடு

எண் சரியாக இருந்தும் தெரியாமல் போவது திசையால்தான். கிருஷ்ணகிரியிலிருந்து வடமேற்குப் பக்கம் ஓசூர் வெளிச்சம், அதன் பின்னால் பெங்களூரு வெளிச்சம். 2020 ஜூலையில் நியோவைஸ், 2025 அக்டோபரில் லெமன், இரண்டும் சாயங்காலத்தில் அந்தப் பக்கம்தான் நின்றன. கிருஷ்ணகிரி ஊருக்குள்ளிருந்து பார்த்தால் பத்து டிகிரிக்குக் கீழே வானம் பால் கலந்த மாதிரி இருக்கும்.

சாயங்கால வால்வெள்ளிக்கு பென்னாகரம்–ஒகேனக்கல் பக்கம் வந்துடுங்க. இங்கிருந்து பெங்களூரு ஏறக்குறைய வடக்கே ஒதுங்கிடும். மேற்கில் காவிரிக் காடு, அந்தப் பக்கம் பெரிய ஊர் இல்லை. ஆனால் காப்புக்காட்டுக்குள் இறங்காதீங்க, ராத்திரி அனுமதி கிடையாது, யானை நடமாட்டம் நிஜம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி சாலைக்கும் இதே பேச்சுதான். ஊர் ஓரத்து மேட்டு நிலம், தெரிந்தவர் தோட்டம், இது போதும். விடியற்காலை வால்வெள்ளி என்றால் அரூர், தீர்த்தமலை பக்கம் கிழக்கு நல்லா இருக்கும். ஒரே குறை, சித்தேரி மலையும் ஜவ்வாது மலையும் அடிவானத்தை சில டிகிரி தூக்கிடும். பகலிலேயே போய் கையை நீட்டி விரலால் அளந்து வைங்க. நீட்டிய கையில் சுண்டு விரல் ஒரு டிகிரி, மூடிய முஷ்டி பத்து.

நம்ம 12 டிகிரி அட்சரேகை ஒரு வரம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குது, முக்கால் மணியிலிருந்து ஐம்பது நிமிடத்தில் 12 டிகிரி கீழே போயிடும். சூரியனிலிருந்து 20 டிகிரி தள்ளி, அதற்கு நேர் மேலே இருக்கும் வால்வெள்ளி அப்போது இன்னும் 8 டிகிரி உயரத்தில் நிற்கும். ஐரோப்பாக்காரனுக்கு அது அந்நேரம் அடிவானத்தில் புதைஞ்சிருக்கும். அதனால அவங்க "தெரியாது" என்று எழுதுவதை அப்படியே நம்ப வேண்டாம்.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

அந்த 8 டிகிரிக்கும் விலை உண்டு சார். தலைக்கு நேர் மேலே காற்று ஒரு பங்கு என்றால் 30 டிகிரியில் 2 பங்கு, 20இல் 2.9, 10இல் 5.6, 5இல் பத்துக்கு மேல். கல்குவாரித் தூசி, லேசான மூட்டம் இருக்கும் நம்ம பக்கத்துக்கு ஒரு பங்குக்கு 0.3 மேக்னிட்யூட் இழப்பு என்று நான் வைப்பேன். மழை கழுவிய மறுநாள் 0.2 போதும். 0.3 என்று வைத்தால் 10 டிகிரி உயரத்தில் 1.7, 5 டிகிரியில் 3.1 மேக்னிட்யூட் காற்றே தின்னுடும். கணிப்பில் 2 என்று போட்ட வால்வெள்ளி அடிவானத்தில் 5 ஆகத் தெரிவது இதனாலதான். அந்திவெளிச்சத்தின் கணக்கு இதில் சேரவில்லை.

அரூர் 8 அங்குலம்

அளக்கும் முறையை யாரும் தொடலை, நான் எழுதறேன். 8 அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்தாலும் ஒளியளவுக்கு அதைத் தொடாதீங்க. வால்வெள்ளி தெரியும் ஆகச் சின்னக் கருவியில் அளக்கணும். பெரிய கருவியில் கோமாவின் வெளிப்பகுதி கண்ணுக்கு நழுவி, மதிப்பு மங்கலாக வரும். மேக்னிட்யூட் 3க்கு மேல் பிரகாசம் என்றால் வெறும் கண். அதற்கு அடுத்து 7×50 அல்லது 10×50.

சிட்ஜ்விக் முறை: வால்வெள்ளியைச் சரியாகக் குவிச்சுப் பாருங்க. கோமாவின் சராசரி ஒளியையும் அதன் அகலத்தையும் மனசில் பதிங்க. பிறகு மேக்னிட்யூட் தெரிந்த ஒரு விண்மீனுக்குப் போய், அது அதே அகலத்துக்கு விரியும் வரை குவியத்தைக் கலைங்க. எது பிரகாசம்? ஒரு விண்மீன் கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைவு என்று இரண்டு கிடைக்கணும். 4.2க்கும் 5.0க்கும் நடுவில், பிரகாசமானதிலிருந்து பத்தில் மூன்று பங்கு தள்ளி என்றால் 4.4. கோமா நடுவில் கூர்மையாக இருந்தால் இந்த முறை சறுக்கும். அப்போது பாப்ரோவ்னிகாஃப் முறை, வால்வெள்ளி, விண்மீன் இரண்டையும் ஒரே அளவுக்குக் கலைச்சு ஒப்பிடுவது. வெறும் கண்ணில் கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினாலே இந்த வேலை முடிஞ்சது.

ஒப்பீட்டு விண்மீன் சிவப்பாக இருக்கக் கூடாது. இருட்டில் சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க கண்ணுக்குப் பிரகாசம் கூடும். 2024 அக்டோபரில் மேற்கே ஏ3 நின்றபோது எல்லாரும் சுவாதியோட ஒப்பிட்டாங்க. அது ஆரஞ்சு. வெள்ளை விண்மீன் உயரத்தில்தான் கிடைக்குது என்றால் காற்றுக் கணக்கைச் சேருங்க. வால்வெள்ளி 15 டிகிரியில் இருக்கு, காற்று 3.8 பங்கு. டெனப் என்ற வெள்ளை விண்மீன் 57 டிகிரியில், 1.2 பங்கு. வித்தியாசம் 2.6 × 0.3, கிட்டத்தட்ட 0.8. இரண்டும் சமமாகத் தெரிந்தால் டெனப்பின் 1.25இலிருந்து 0.8 கழிச்சு, வால்வெள்ளி 0.5 என்று எழுதணும்.

கோமா அகலத்துக்கு அளவுகோல்: அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் இடைவெளி 12 கலை (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). கார்த்திகையில் அல்சியோன்–அட்லஸ் 23 கலை. கூடவே கோமாவின் செறிவு, ஒரே சீராகப் பரவியிருந்தால் 0, விண்மீன் மாதிரிப் புள்ளி என்றால் 9. உடையும் வால்வெள்ளியில் இந்த எண் மொத்த ஒளிக்கு முன்னாடியே இறங்கும், அதனால் சோம்பல்படாமல் குறிங்க.

பாலக்கோடு

போன் கேமராவில் எடுத்து அளக்க முடியாதா அண்ணா? தாங்கி இருக்கு.

அரூர் 8 அங்குலம்

தம்பி, தேடிக் கண்டுபிடிக்க போன் நல்லது. ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 800–1600, 8–10 விநாடி, குவியம் முடிவிலி, 3 விநாடி டைமர். அளக்க என்றால் நைட் மோட் வேண்டாம், அது படத்தைத் தானே திருத்தி வைக்கும். ரா கோப்பு (போன் திருத்தாத மூலப் படம்) எடுத்து பச்சை வண்ணத்தடத்தை மட்டும் பிரிச்சு, கோமா முழுதும் அடங்கும் வட்டத்தில் கூட்டணும். சின்ன வட்டம் வைத்தால் மங்கலாகத்தான் வரும்.

ஓசூர் பைனாகுலர்

இன்னொரு பொறி: மொத்த ஒளியை ஒரே புள்ளியில் குவிச்சதாகக் கணக்கிடுவதுதான் மேக்னிட்யூட். மேக்னிட்யூட் 5 ஒளி 10 கலை வட்டத்தில் பரவினால் ஒரு சதுர விகலைக்கு (கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை) மேக்னிட்யூட் 18.6. அதே 5, நிலா அகலத்துக்கு, அதாவது 30 கலைக்குப் பரவினால் 21. நல்ல இருட்டு வானமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2018 டிசம்பரில் 46பி விர்ட்டானன் 0.08 அலகு வரை நெருங்கி மேக்னிட்யூட் 4 சுமாருக்கு வந்தது. ஓசூர் மாடியில் நின்றவருக்கு ஒன்றுமில்லை, காட்டோரம் நின்றவருக்கு மங்கலான பஞ்சு. சாமந்திக்கு ராத்திரி பல்பு எரியும் தோட்டம் பக்கத்தில் இருந்தால் விளக்கு அணையும் நேரம் கேட்டுட்டுப் போங்க.

சூத்திரத்தில் அடங்காதது வெடிப்பு. 17பி ஹோம்ஸ் 2007 அக்டோபரில் இரண்டு நாளுக்குள் மேக்னிட்யூட் 17இலிருந்து 3க்கு வந்தது. 12பி பான்ஸ்–புரூக்ஸ் 2023 ஜூலை தொடங்கிப் பல தடவை வெடித்தது. இதற்குக் கணிப்பே இல்லை, நோக்கர்களின் வால்வெள்ளி அளவீடுகளைத் திரட்டும் காப்ஸ் இணையத் தரவுத்தளத்தில் முந்தின இரவு அளவைப் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று, முன்னோக்கிய ஒளிச்சிதறல். வால்வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவில் வரும்போது தூசி எதிர்வெயிலில் மின்னும். 2024 அக்டோபர் 9 சுமாருக்கு ஏ3 மைனஸ் 4ஐயும் தாண்டியது அப்படித்தான். ஆனால் சூரியனுக்குப் பக்கத்தில், சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில் மட்டும். செய்தித்தாள் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டது. மூன்று நாள் கழிச்சு சாயங்காலம் தேடியவருக்கு அந்த ஒளி இல்லை.

பென்னாகரம் மேட்டுக்காடு

தவறாகப் பிடிப்பதையும் சொல்லிடறேன். ஏப்ரல், மே ராத்திரி தெற்கே 30 டிகிரியில் பஞ்சு தெரிஞ்சா அது ஒமேகா சென்டாரி கொத்து. கடகத்தில் என்றால் பூசக் கொத்து. அந்தியில் தங்க நிற வால் என்றால் பெங்களூரு விமானத்தின் புகைக்கோடு. பத்து நிமிடம் காத்திருங்க, கலைஞ்சுடும். ஸ்டெல்லேரியத்தில் வால்வெள்ளியின் சுற்றுப்பாதை எண்களைப் புதுப்பிக்காவிட்டால் இடமே தப்பும். சூரிய மண்டலத் திருத்தி என்ற செருகுநிரலைத் திறந்து மைனர் பிளானட் சென்டர் பட்டியலை மறுபடி இறக்குங்க.

அரூர் 8 அங்குலம்

கடைசியாக, அளவீட்டை காப்ஸுக்கு அனுப்பும்போது தேதி உலக நேரத்தில், நாளின் தசமமாக. நம்ம நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிங்க. அக்டோபர் 14 சாயங்காலம் 7 மணி என்றால் 14.56. விடியற்காலையில்தான் சிக்கல், அக்டோபர் 2 காலை 5 மணி என்பது அங்கே அக்டோபர் 1.98. தேதி ஒரு நாள் தள்ளிப் போனால் வேகமாக மாறும் வால்வெள்ளியின் வரைகோட்டில் உங்கள் புள்ளி தனியாக நிற்கும். கூடவே கருவி, உருப்பெருக்கம், முறை, ஒப்பீட்டு விண்மீன்களை எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தீங்க என்பதையும் எழுதுங்க. டைக்கோ விண்மீன் பட்டியல் என்றால் அதன் விடி எண்ணை (கண்ணுக்குத் தெரியும் ஒளியளவு) அப்படியே போடாமல், பிடி (நீல ஒளியளவு) – விடி வித்தியாசத்தில் 0.09 பங்கைக் கழிச்சுப் போடுங்க.

பாலக்கோடு

சரிங்கண்ணா, தசமக் கணக்கை நோட்டில் எழுதிக்கிட்டேன். 10×50 யாராவது பழசு விற்கறீங்களா?